பழைய பைக்கை கிளாசிக் ஆக்குவது எது? பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நாற்பது வயதைத் தாண்டிய பைக் ஒன்று பல வருடம் ஷெட்டில் நின்று இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதை கிளாசிக் என்று சொல்லலாமா, முழுக்கப் பிரித்து பெயிண்ட் அடித்து குரோம் போட்டால் கிளாசிக் ஆகிவிடுமா, இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நட்டுக்குக்கூட ஏன் அப்படி அலைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த வண்டியில் எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது? பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கிற வேலையில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் கோணத்திலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் வயது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், தன் காலத்துக்கு உரிய நிலையில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓடாததாக இருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 1946-ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் 25 வயதையும், அமெரிக்காவின் ஆன்டிக் மோட்டார் சைக்கிள் கிளப் 35 வயதையும் கணக்கில் வைத்திருக்கின்றன. ஆக வயது ஒரு நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். பிரிட்டிஷ் மரபில் வெட்டரன், விண்டேஜ் என்ற இரண்டு சொற்களுக்கும் திட்டமான எல்லை உண்டு. 1914 முடிய வந்தவை வெட்டரன், 1915 முதல் 1930 வரை வந்தவை விண்டேஜ். கிளாசிக் என்ற சொல்லுக்கு அப்படி எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு கிடையாது. 1975-ல் வந்த வண்டியை விண்டேஜ் என்று விளம்பரத்தில் பார்த்தால், எழுதியவர் அந்தச் சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாடல். ஒரு மாடலுக்கு கிளாசிக் என்ற பெயர் நிற்க, வந்த காலத்தில் அது எதையாவது மாற்றியிருக்க வேண்டும், அல்லது ஒரு தலைமுறையின் மனதில் உட்கார்ந்திருக்க வேண்டும். 1937-ல் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின் வந்த பிறகு, பிரிட்டிஷ் கம்பெனிகள் முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த இரட்டை சிலிண்டர் பாணியையே பின்பற்றின. அதே கம்பெனியின் 1959-ன் போனவில் அந்த வழியில் வந்ததுதான். 1969-ல் வந்த ஹோண்டா சி.பி.750 நாலு சிலிண்டர், முன்பக்க டிஸ்க் பிரேக், பட்டன் ஸ்டார்ட் எல்லாவற்றையும் சாதாரண ஆள் வாங்கக்கூடிய வண்டியில் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பெரிய பைக் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே மாறிப்போனது. வின்சென்ட் பிளாக் ஷாடோ 1948-லேயே மணிக்கு 125 மைல் என்ற கணக்கைத் தொட்டது.

அபூர்வமாக இருந்தால்தான் கிளாசிக் என்பது பரவலான தப்பபிப்பிராயம். ஜார்ஜ் பிரஃப் கட்டிய பிரஃப் சுப்பீரியர்கள் மொத்தமே மூவாயிரம் சுமார்தான். ஹோண்டா சூப்பர் கப் 1958-ல் வந்து 2017-ல் பத்து கோடியைத் தாண்டியது. இரண்டுமே கிளாசிக். மறுபக்கம், நூறு வண்டி மட்டும் செய்து மூடிப்போன கம்பெனியின் சுமாரான வண்டி அபூர்வமானதாக இருக்கும், ஆனால் அதைத் தேடி வருகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். இன்னொன்று, மாடலின் வயதையும் வண்டியின் வயதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். புல்லட் 350-ன் அடிப்படை வடிவம் 1940-களின் கடைசியில் வந்தது. 1955 முதல் மெட்ராஸில் தயாராகி, இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடிய பிறகும் அதே இன்ஜின் அமைப்போடு பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. அதனால் 1995-ன் புல்லட்டில் 1950-ன் பொறியியல் இருக்கும். அதற்காக அது 1950-ன் வண்டி ஆகிவிடாது.

இதுவரை சொன்னதை ஒரு புத்தகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உங்கள் ஷெட்டில் நிற்கும் அந்த ஒரு வண்டி எப்படிப்பட்டது என்பதை வண்டிதான் சொல்ல வேண்டும், அதற்கான முதல் சாட்சி நம்பர். சேஸிஸ் நம்பர் பெரும்பாலும் ஹேண்டில்பார் கழுத்துக் குழாயில் இருக்கும், இன்ஜின் நம்பர் கிரான்க்கேஸில், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில் இருக்கும். சில கம்பெனிகளில் இரண்டும் ஒரே எண், சிலவற்றில் வேறு வேறு எண்ணாக இருந்தாலும் இணையாகப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்த இடத்தை எமெரி பேப்பரோ வயர் பிரஷ்ஷோ கொண்டு தேய்க்காதீர்கள். தின்னரில் நனைத்த துணியால் அழுக்கை ஊறவைத்துத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வார்ப்பின் சொரசொரப்பு எண்ணைச் சுற்றி ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பட்டை மட்டும் வழவழவென்றோ லேசாகக் குழிந்தோ இருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். எழுத்துகள் வெவ்வேறு ஆழத்தில் சாய்ந்து நிற்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், தொழிற்சாலையிலேயே கையால் அடித்தவை அப்படித்தான் இருக்கும். ட்ரையம்ப் 1969 முதல் எண் அடிக்கும் பட்டையில் கம்பெனிச் சின்னத்தைச் சிறிது சிறிதாக வரிசையாக வார்த்தது இதற்காகவே. எண்ணை அழித்தால் சின்னமும் அழிந்து திருட்டு வெளிப்பட்டுவிடும். ஆரம்பகால சி.பி.750-களில் 7,414 வண்டிகளுக்கு மட்டும் கிரான்க்கேஸ் வேறு முறையில் வார்க்கப்பட்டது. அந்த எண் வரிசையும் வார்ப்பின் தோற்றமும் பொருந்தி இருந்தால் வண்டி வேறு தரத்துக்குப் போய்விடும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறை பஃபிங் வீல் பட்டால் போச்சு.

அதனால்தான் பெயிண்ட் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு அடிக்காதீர்கள் என்பது. புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், கையால் இழுத்த கோடு, டேங்கில் முழங்கால் பட்டுத் தேய்ந்த இடம், இவை ஒரு முறை போனால் திரும்பாது. அரைகுறையாக உரிந்த ஒரிஜினல் பெயிண்டோடு வரும் வண்டிக்கு, புதுசு போல மின்னும் வண்டியைவிட மதிப்புக் கொடுக்கும் ஆட்கள் இன்று அதிகம். எதைச் செய்தாலும் முதலில் நல்ல வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி நூறு படமாவது எடுங்கள். கேபிள் எந்தப் பக்கம் வளைந்து போகிறது, கிளிப் எங்கே இருக்கிறது, போல்ட்டின் தலை உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதுவரை பதிய வேண்டும். கழற்றிய ஒவ்வொரு தொகுதியையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிரித்துப் போட்டுச் சேர்க்காமல் கிடக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்த்ததால் அப்படிக் கிடப்பவை.

அப்படியும் பூச்சு வேலை தவிர்க்க முடியாது என்றால், காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். குரோம் பிளேட்டிங் மோட்டார் சைக்கிள்களில் பரவியது 1920-களின் கடைசியில்தான். 1925-ன் வண்டியில் இருக்க வேண்டியது நிக்கல், அதன் மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நிறமே வேறு. பவுடர் கோட்டிங் உறுதியானது, ஆனால் தடிமனாக உட்கார்ந்து சேஸிஸ் நம்பரை நிரப்பிவிடும், கழுத்துப் பக்கம் வெல்டிங்கில் விரிசல் இருந்தால் அதையும் மூடிவிடும். தொழிற்சாலையில் வெள்ளி நிறப் பூச்சோ கறுப்போ வந்த சின்ன நட்டு போல்ட்டுகளுக்கெல்லாம் பளபளவென்று குரோம் போடுவது தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

இனி, நின்ற வண்டியை எழுப்புவது. அதிகமான சேதம் இங்கேதான் நடக்கிறது. கிடைத்த அன்றே பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை உதைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஏ.டி.எஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்) சமமாகக் கலந்து 10 மி.லி. ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பிஸ்டன் அசையவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். பிடித்துப்போன பிஸ்டனைக் கிக்கரால் இளக்கப் பார்த்தால் கிக்கர் பல்லோ பிஸ்டன் ரிங்கோ உடையும்.

நாலு ஸ்ட்ரோக் வண்டி, அதிலும் ஆயில் டேங்க் தனியாக உள்ள வகை என்றால், நின்ற காலத்தில் ஆயில் பம்ப் வழியாக மெதுவாகக் கசிந்து கிரான்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். வடிக்காமல் ஸ்டார்ட் செய்தால் புகை மண்டலமும், சீல் வழியே ஆயில் பீறிடுவதும் நடக்கும். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் ஆன உடனே ஆயில் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் திரும்பும் குழாயிலிருந்து ஆயில் விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். துப்பவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கிரான்க் ஷாஃப்ட்டுக்குள்ளேயே கசடு தங்கும் குழாய் ஒன்று உண்டு. ஐம்பது வருடக் கசடு அதில் கெட்டியான களிமண் போல அடைந்திருக்கும். அது முழுக்க அடைத்தால் கனெக்டிங் ராடின் கீழ்முனையான பிக் எண்டுக்கு ஆயில் போகாது, கனெக்டிங் ராடு கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜினைப் பிரித்தவர் அந்தக் குழாயைச் சுத்தம் செய்தாரா என்பதுதான், ‘இன்ஜின் புதுசா செஞ்சது’ என்று சொல்லி விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு வேறு ஆபத்து. நின்ற காலத்தில் கிரான்க் ஷாஃப்ட்டின் இரு பக்க ஆயில் சீலும் காய்ந்து விறைத்துவிடும். அந்த வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் கலவை நீர்த்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம் இறங்காமல் தொங்கினால் அதுதான் அறிகுறி, ஓட்டாதீர்கள். கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள், சீலை மாற்றிவிட்டுத்தான் டியூனிங்.

டேங்கில் துரு இருந்தால் முதலில் பெட்ரோல் ஆவி முழுதும் போகும் வரை சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசுங்கள். பிறகு மின்பகுப்பு முறைதான் உலோகத்தைத் தின்னாத வழி. 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி சலவை சோடா கலந்து நிரப்பி, வாய்வழியாக ஒரு சாதாரண இரும்புக் கம்பியை டேங்கைத் தொடாமல் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்குக்கும் கொடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரையும். கிளம்பும் வாயு ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில், தீ பக்கத்தில் இல்லாமல். முடிந்த உடனே சூடான காற்றால் உலர்த்தி ஆயில் சுற்றிவிடவில்லை என்றால் மாலைக்குள் மறுபடியும் சிவந்துவிடும். உள்ளே பூசும் சீலர்களை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். பழைய சீலர் பூச்சுகள் பல எத்தனால் கலந்த பெட்ரோலில் தோலாக உரிந்து கார்புரேட்டரை அடைக்கின்றன.

டயரில் ரேகை நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், கடைசி இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், ஓட்டவே கூடாது. பிரேக் டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பேட்டரி மாட்டும் முன் வயரிங்கைப் பாருங்கள். 1970-கள் வரையிலான பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியோடு எர்த் ஆகும். வழக்கப்படி நெகட்டிவை எர்த் செய்தால், பேட்டரிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் ரெக்டிஃபயர் போய்விடும். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி) உள்ள வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஸ்டார்ட் ஆகி, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அணைந்து, ஆறிய பிறகுதான் மறுபடி எடுக்கிறது என்றால், கார்புரேட்டரைக் குடைய வேண்டாம். உள்ளே இருக்கும் கன்டென்ஸரோ சுற்றின் இன்சுலேஷனோ போயிருக்கும்.

ஒரு நட்டுக்காக அலைகிறார்களே என்று கேட்டீர்கள். கால் அங்குல போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியில் அது அங்குலத்துக்கு 26 புரி. பார்வைக்கு அதே போல இருக்கும் 6 மி.மீ. மெட்ரிக் போல்ட் அந்த ஓட்டையில் கையாலேயே நன்றாக ஏறும், ஏனென்றால் அதன் புரியும் அங்குலத்துக்கு 25 சொச்சம். ஆனால் விட்டம் குறைவு, இறுக்கும்போது அலுமினியத்தின் புரியை உருவிக்கொண்டு வந்துவிடும். ஸ்பானரும் அப்படித்தான். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுமுறையில் கால் அங்குல நட்டின் பக்கத்துக்குப் பக்கம் அளவு 13.3 மி.மீ. பதிமூன்று உள்ளே போகாது, பதினாலு ஆடி மூலையை மழுக்கும். ஜப்பான் வண்டிகளின் கிரான்க்கேஸ் ஸ்க்ரூக்களிலும் இதே சிக்கல்தான். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் முழுதாக உட்காராது, வழுக்கித் தலையைக் கெடுத்துவிடும். ஜப்பானிய அளவில் செய்த டிரைவர் தனியாக உண்டு. ஆக அந்த மனிதர் நட்டுக்காக அலைவது ஆசைக்காக மட்டுமில்லை, தப்பான நட்டு கேஸைக் கெடுத்துவிடும் என்று தெரிந்துதான்.

அந்த அலைச்சலில்தான் இந்த வண்டிகள் உயிரோடு இருக்கின்றன. கம்பெனி மூடி ஐம்பது அறுபது வருடம் ஆன வண்டிக்கும் பிஸ்டன் கிடைக்கிறது என்றால், உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து அளவெடுத்து, பணம் போட்டு மறுபடி செய்ய வைத்ததால்தான். வின்சென்ட் உற்பத்தி 1955-ல் நின்றது. உரிமையாளர் சங்கம் தொடங்கிய உதிரிபாக நிறுவனம் இன்றும் அதற்கான பாகங்களைச் செய்கிறது. தொழிற்சாலைகளின் பழைய விற்பனைப் பேரேடுகளைக் காப்பாற்றி, எண்ணைக் கொடுத்தால் வண்டி எந்தத் தேதியில் எந்த நிறத்தில் வெளியே போனது என்று பார்த்துச் சொல்வதும் சங்கங்கள்தான். இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பவர்கள் இல்லை. ஒருவர் வாஷரைக்கூட மாற்ற மாட்டார், ஒருவர் புது டயர், நல்ல விளக்கு போட்டு மழையிலும் ஓட்டுவார். இங்கிலாந்தில் நடக்கும் பயனியர் ரன் என்ற ஓட்டத்தில் 1914 வரையிலான வண்டிகளை இன்றும் சாலையில் ஓட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. என் மனம் ஓட்டுகிறவர்கள் பக்கம்தான். நிற்கிற வண்டியில் சீல் காயும், ஓடுகிற வண்டியில் ஆயில் எல்லா இடத்துக்கும் போகும்.

மாற்றம் செய்த வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்ட்டனின் ஃபெதர்பெட் சேஸிஸில் ட்ரையம்ப் இன்ஜினைப் பொருத்திய ட்ரைட்டன்கள் எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்காதவை. ஆனால் 1960-களில் இளைஞர்கள் கட்டிய ஒரு ட்ரைட்டன் இன்று தனக்கென்று ஒரு வரலாறு உள்ள வண்டி, அதைப் பிரித்து ஒரு ‘ஒரிஜினல்’ நார்ட்டனும் ஒரு ட்ரையம்பும் ஆக்குவது அழிவுதான். போன வருடம் ஹேண்டில்பாரை வெட்டி, சீட்டைச் சுருக்கிய வண்டிக்கு அந்த வாதம் பொருந்தாது. உங்கள் வண்டியில் பழைய மாற்றங்கள் இருந்தால், எந்தக் காலத்தில் செய்தவை என்று பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

மேலே சொன்னவற்றில் எண், புரி, சீல், மின்இணைப்பு விஷயங்கள் உறுதியானவை. அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ளவையும் உண்டு. கசடு நிறைந்த பழைய இன்ஜினில் நவீன டிடர்ஜென்ட் ஆயில் ஊற்றலாமா என்பது அதில் ஒன்று. கசடைக் கரைத்து ஓட்டைகளை அடைக்கும் என்பது ஒரு தரப்பு, பிரித்துச் சுத்தம் செய்த இன்ஜினுக்குப் பயமே இல்லை என்பது இன்னொரு தரப்பு. சுத்தம் செய்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்பேன். ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு சீட்டைத் தின்னும் என்ற பயம், இரும்பு ஹெட்டோடு நீண்ட தூரம் முழு வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு ஓரளவு நியாயமானது. மிதமாக ஓட்டுபவர்கள் வால்வு இடைவெளி வேகமாகக் குறைகிறதா என்று கவனித்தால் போதும். மின்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது ரசனை சார்ந்தது, போட்டால் பழைய பாயின்ட் தட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் வண்டி கிளாசிக்கா என்று நேரடியாகச் சொல்ல, நீங்கள் எழுதிய இரண்டு வரி போதாது. நம்பரைப் பார்க்காமல் யார் சொன்னாலும் அது ஊகம். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், கார்புரேட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண், டேங்கின் அடிப்பக்கம், இந்த நாலையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். டேங்கின் அடியை ஏன் கேட்கிறேன் என்றால், மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்திருந்தாலும் அடியில் பிராக்கெட் மறைவில் முதல் நிறம் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம்பர்களில் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துப் பொதுவில் போடுங்கள், முழு எண்ணை அந்த மாடலுக்கான உரிமையாளர் சங்கத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.